முதலில் தட்டியவள்

அவளுடைய உள்ளங்கை அம்மாவினுடையது. மூக்கு அப்பா வழி, பிடிவாதம் இரண்டு பக்கமும், கை மட்டும் அச்சு அசல் அம்மா. அகலமான, சதைப்பிடிப்பான கை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்கப் போர்வை மடிக்கிற அம்மாவுக்கு அந்தக் கை சோறு போட்டது. கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த மகளுக்கோ அந்தக் கைதான் அரசியலில் முதல் வேலையை வாங்கிக் கொடுத்தது. வேலை என்ன என்று கேட்டால் சிரிக்கக் கூடாது. கைதட்டுவது.

இரண்டாம் வருடத்தில் எல்லோரும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பெரிய பெரிய இடங்களாகப் பிடித்தார்கள். இவளுக்குக் கிடைத்தது அவர்கள் பகுதியின் நகர மன்ற உறுப்பினருடைய அலுவலகம். நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு மேஜை, சுற்றும்போது புலம்புகிற ஒரு மின்விசிறி, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். கீழே நகல் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே தரை லேசாக உதறும். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டுகிறான் என்று காலையிலிருந்து ஆட்கள் ஏறி வந்துகொண்டே இருப்பார்கள்.

அந்த அறையை ஆண்டவர் உறுப்பினர் அல்ல, ஆபீஸ் அக்கா. பதினைந்து வருடமாக அங்கே பொறுப்பாளர். உறுப்பினர் எங்கே, எப்போது, எந்தச் சட்டையில் போக வேண்டும் என்பதுவரை அக்காதான் தீர்மானிப்பார். முதல் வாரம் ஒரு சின்னக் கூட்டத்தில் உறுப்பினர் பேசி முடித்ததும் இவள் மரியாதைக்குக் கைதட்டினாள். அக்கா பின்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"ஏ பொண்ணே, அது கையா இல்ல பட்டாசா?"

அன்றிலிருந்து அவள் பட்டாசு. வீட்டில் வைத்த பெயரை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

கைதட்டுவதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கூட்டம் என்பது சோம்பேறி, தானாக எதையும் செய்யாது என்பது அக்காவின் கட்சி. யாராவது முதலில் தட்ட வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினால் நம்ம ஆள் என்று தெரிந்துவிடும், கடைசியில் உட்கார்ந்தால் சத்தம் போய்ச் சேராது. மூன்றாவது வரிசை ஓரம்தான் சரி. உள்ளங்கையைக் குவிக்காமல் விரித்துத் தட்ட வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டதும் மெல்லக் கையை இறக்கிவிட வேண்டும்.

"எப்பக்கா தட்டணும்?"

"அவர் கண்ணாடியைக் கழட்டுவாரு. கழட்டினதும் தட்டு."

அதுதான் சைகை. உறுப்பினர் உச்சக்கட்டமாக ஏதாவது சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்த நொடி பட்டாசு வெடிக்கும். கூட்டமும் சேர்ந்து தட்டும். அவர் முகம் மலரும். கெட்ட மனிதர் இல்லை. பகுதியில் எந்தக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் குரலை அவரே கொஞ்சம் அதிகமாக ரசிப்பார், அவ்வளவுதான். அந்தக் கைதட்டல் ஏற்பாடு செய்தது என்பதை எப்போதோ மறந்து, அதை நம்பவும் ஆரம்பித்திருந்தார்.

இரண்டு மாதத்தில் பட்டாசு தேர்ந்துவிட்டாள். பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மனம் எங்கேயோ மேயும், கண் மட்டும் கண்ணாடிமேல் இருக்கும், கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் அண்ணன், செல்போன் பழுது பார்க்கிறவன், சாப்பிடும்போதெல்லாம் சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி வம்பிழுப்பான். ஒரு தடவை அவள் கை நிஜமாகவே தட்டை விட்டு எழுந்துவிட்டது. அவன் சிரித்த சிரிப்பில் புரையேறி, அம்மா அவன் தலையில் தட்ட வேண்டியிருந்தது.

சிரிப்பெல்லாம் பேருந்துக் கூட்டத்தோடு நின்றது.

அவர்கள் தெருமுனையில் நிற்கும் பேருந்து குறுக்குத் தெருக்களில் புகுந்து வளைந்து, ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்று, அப்புறம்தான் பெரிய சாலைக்குப் போகும். சலவைப் பிரிவு பின்வாசலை ஒட்டியது. அம்மாவுக்கு இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. அம்மாவின் வலது மூட்டு சொன்ன பேச்சைக் கேட்காமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஈரப் போர்வைகளோடு நின்றே காலம் கழித்த மூட்டு. அந்தப் பேருந்து இருக்கிறவரை அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போக்குவரத்துத் துறை அந்தத் தடத்தைத் திருத்தப் போவதாக அறிவித்தது. தலைப்பு, 'பயண நேரக் குறைப்பு'. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அந்தப் பகுதிப் பள்ளிக்கூட மண்டபத்தில். காலி நாற்காலியைப் பார்த்தால் மன்றத் தலைவருக்கு முகம் சுருங்கிவிடும், ஆளைக் கொண்டுவாருங்கள் என்று அக்கா உத்தரவு போட்டார். பட்டாசு அம்மாவையும், அம்மாவோடு வேலை பார்க்கிறவர்களையும், பேருந்தில் தெரிந்த முகங்களையும் கூப்பிட்டாள்.

அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினாள். நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு கேள்வியும் தயார் செய்துகொண்டாள். பாத்திரம் கழுவும்போதே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பின்வாசல்ல நிக்குமா? இவ்ளோதான் கேப்பேன். சரியா இருக்காடி?"

"ரொம்பச் சரிம்மா. அதிகாரி பேசி முடிச்சதும் கேள்வி கேக்க விடுவாங்க. அப்பக் கேளு."

மண்டபம் நிறைந்திருந்தது. பட்டாசு நாற்காலி போட்டாள், மைக்கைச் சரி பார்த்தாள், மேஜையில் தண்ணீர் வைத்தாள், பழகிய இடத்தில் மூன்றாவது வரிசை ஓரம் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை தள்ளி அம்மா. போக்குவரத்து அதிகாரி வரைபடத்தைக் காட்டிப் பேசினார். நீலக் கோடு, சிவப்புக் கோடு, புள்ளி புள்ளியாய் ஒரு கோடு. பேச்சு நீண்டது. மைக் ஒயர் தளர்ந்திருக்கிறதே என்று பட்டாசின் மனம் அங்கே போய்விட்டது. அதிகாரி கடைசி வாக்கியத்தை முடித்தார். வியர்த்திருந்தது போல. கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் கை வெடித்தது.

ஒரு நொடிதான். தட்டிய பிறகுதான் யாருக்குத் தட்டினோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கூட்டத்தை யார் நிறுத்துவது? பக்கத்தில் இருந்தவர் தட்டினார், பின்னால் தட்டினார்கள், முடிந்துவிட்டது போலிருக்கிறது, டீ வரும் என்ற நிம்மதியில் மண்டபமே தட்டியது. தலைவர் மகிழ்ந்துபோய் எழுந்தார். "இவ்வளவு உற்சாகமா ஏத்துக்கிட்டதுக்கு நன்றி. கேள்வி எதுவும் இல்லன்னு நினைக்கிறேன்" என்றார். கூட்டம் கலைந்தது. பட்டாசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக.

வெளியே வந்ததும் ஓடிப்போய் அந்த வரைபடத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். சிவப்புக் கோடு பெரிய சாலையிலேயே நேராகப் போனது. குறுக்குத் தெருக்கள் இல்லை. பின்வாசல் இல்லை.

அதே பேருந்தில்தான் வீடு திரும்பினார்கள். அம்மா ஜன்னலோரம்.

"அப்ப பின்வாசல்ல நிக்கும்ல?"

பட்டாசு குனிந்து பயணச்சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிக்காதா?" அம்மா அவளைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீ தட்டினியேடி."

அந்த வார்த்தை அவளைக் கொன்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அம்மா பின்வாசல் நிறுத்தம் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் உறுப்பினரிடம் போய் அழாத குறையாகச் சொன்னாள். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"மக்களே கைதட்டி வரவேத்த திட்டம்மா. அதை நான் எப்படி எதிர்க்கிறது?"

"சார், அது நான் தட்டினது சார். பழக்கதோஷம். அவர் கண்ணாடியைக் கழட்டினாரு..."

"மண்டபமே தட்டுச்சும்மா. நான் பாத்தேன்."

ஆபீஸ் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் கூட்டத்திலும் மண்டபமே இப்படித்தான் தட்டுகிறது என்று பட்டாசின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த வெள்ளை மனதைப் பார்த்து விழுங்கிவிட்டாள். மாத முடிவில் நற்சான்றிதழும் ஒரு பேனாவும் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

வேறு பெண்ணாக இருந்தால் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பாள். இவளுக்குப் பிடிவாதம் இரண்டு பக்கமும் அல்லவா? அடுத்த பருவத்தில் நேரே எதிர்க்கட்சி அலுவலகத்துக்குப் போனாள். அவர்கள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்கள். பேருந்துக்காக அல்ல.

"நீதானே அந்தப் பட்டாசு? நம்ம பக்கம் தட்ட ஆளே இல்லம்மா."

இனி தட்ட மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அப்படியானால் 'ஆள் வைத்துக் கைதட்டிய உறுப்பினர்' என்று ஒரு துண்டறிக்கை போடலாம், நீ சாட்சி சொல் என்றார்கள். அதற்கும் அவள் தயாராக இல்லை. அந்த மனிதரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டால் பேருந்து பின்வாசலில் நின்றுவிடுமா? பிரச்சாரம் முடிகிறவரை அவளுக்கு நாற்காலி தூக்கும் வேலைதான் கிடைத்தது. ஆனால் வீடு வீடாகப் போனதில் கதவைத் தட்டி, அறிமுகம் செய்துகொண்டு, எதிராளி பேசி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினாள். அவள் வரையில் அது பெரிய சாதனை.

மூன்றாவதாகப் போனது மன்றத்தின் செயலகம். யாரும் விரும்பிப் போகாத இடம். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். இடையிடையே அடைப்புக்குறிக்குள் கைதட்டல், சிரிப்பு, இருமல் எல்லாம் போட வேண்டும். ஒருநாள் அந்தப் பள்ளிக்கூட மண்டபப் பதிவு அவளிடமே வந்தது. அதிகாரியின் கடைசி வாக்கியம், சின்ன அமைதி, அப்புறம் ஒற்றையாக ஒரு கைதட்டல். அவளுடையது. காதுக்குள் அறைந்த மாதிரி இருந்தது. பின்னாலேயே மற்றவர்கள். எங்கோ இடதுபக்கம், கொஞ்சம் தாமதமாக, அதே மாதிரி அகலமான ஒரு கை. அவள் ஒலிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மன்றச் செயலர், எல்லோருக்கும் செயலர் அம்மா, அதைப் பார்த்துவிட்டார். கண்டிப்பானவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"கைதட்டல் ஓட்டு இல்லம்மா. ஆனா ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கலங்கறது பதிவாயிருச்சு. அதான் பிரச்சனை."

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா மேடம்?"

"இறுதி அமர்வு பாக்கி இருக்கு. பாதிக்கப்படறவங்க முன்கூட்டியே சொல்லிட்டு வந்து ஆளுக்கு மூணு நிமிஷம் பேசலாம். யாரும் வர்றதில்ல, அதனால யாருக்கும் தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "அங்க கைதட்டக் கூடாது. தெரியும்ல?" என்றார்.

"ரொம்ப நல்லது மேடம்" என்றாள் பட்டாசு. செயலர் அம்மாவின் உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து கல்லூரிக்கு முன்னால் அம்மாவோடு காலைப் பேருந்தில் ஏறினாள். காவலாளி, பள்ளிச் சமையலறைக்குப் போகிறவர், சிறுநீரகச் சிகிச்சைக்கு மனைவியை அழைத்துப்போகும் பெரியவர், சலவைக்காரர்கள். ஒவ்வொரு இருக்கையாகப் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்.

"நீதானே அன்னைக்கு முதல்ல தட்டினது?"

"ஆமா. நான்தான்."

"இப்ப நீயே வந்து வேண்டாங்கற."

"ஆமாக்கா. அன்னைக்குப் புரியாமத் தட்டிட்டேன். நீங்க புரிஞ்சா தட்டினீங்க?"

இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டார்கள். ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். காவலாளி மட்டும் பல நாள் முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் இறங்கும்போது, "என்ன பேசணும்னு சொல்லிக் குடு" என்று முறைத்தபடியே சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவரிடம், சொல்லிக் கொடுக்க மாட்டேன், பேருந்து நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், போதும் என்றாள். அம்மா இதையெல்லாம் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருவாள். நீயும் பேசுகிறாயா என்று கேட்டதற்கு, "எனக்கு எங்கடி பேசத் தெரியும்? போன தடவையே ஒரு கேள்வியை வச்சுக்கிட்டுத் திண்டாடினேன்" என்று சொல்லிவிட்டாள். பட்டாசு வற்புறுத்தவில்லை. அம்மாவிடம் மறுபடி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

இறுதி அமர்வு நடந்த மன்ற அறையில் வளைவாக மேஜைகள், உறுப்பினர்களுக்குச் சாய்வு நாற்காலிகள், பொதுமக்களுக்குச் சாயவே முடியாத பெஞ்சுகள். சுவரில் 'அமைதி' என்று எழுதியிருந்தது. நம்ம உறுப்பினரும் இருந்தார், வரைபடத்துக்குப் பக்கத்தில் அதே அதிகாரியும் இருந்தார். காவலாளி பேசினார். சமையல்காரர் பேசினார். பெரியவர் எழுந்து, பெரிய சாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏறுகிற சரிவில் மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போக முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் பட்டாசு. எழுதி வைத்திருந்த பேச்சு கையில் இருந்தது. அதைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு முதல்ல தட்டினது நான். திட்டம் பிடிச்சுத் தட்டல. பேச்சையே நான் கவனிக்கல. பேசறவங்க முடிச்சதும் தட்டிப் பழகிட்டேன், அந்தப் பழக்கத்துல கை போயிருச்சு. என்னால மத்தவங்க கேள்வி கேக்க முடியாமப் போச்சு. அதைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறுப்பினர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

தலைவர் லேசில் விடுகிறவர் இல்லை. "நீ பழக்கத்துல தட்டினே, சரி. ஒரு பொண்ணு தட்டினா மண்டபமே ஏன் தட்டணும்? அத்தனை பேருக்கும் பழக்கமா?" என்றார்.  பட்டாசு கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

பின்னால் பெஞ்சு நகர்ந்தது. மூட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுந்து நின்றாள்.

"மத்தவங்களைத் தெரியாதுங்க. நான் ஏன் தட்டினேன்னு சொல்றேன்."

"நீங்க யாரு?"

"சலவைல வேலை பாக்குறேன். இவளோட அம்மா. அன்னைக்கு அந்தக் கோடு ஒண்ணும் எனக்குப் புரியல. இவ நாலு பேருக்கு முன்னால ஒரு வேலை செய்யறதை அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பாத்தேன். மைக்கைச் சரி பண்ணா, தண்ணி வச்சா. அப்புறம் தட்டினா. நானும் தட்டினேன். நான் தட்டினது என் பொண்ணுக்குங்க. பஸ்ஸுக்கு இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பஸ்ஸைப் பத்தி எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பின்வாசல்ல நிக்குமா?"

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் வரைபடத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  பட்டாசு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நிக்காதும்மா" என்றார் அதிகாரி.

அதை ஒருவர் வெளிப்படையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நம்ம உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "நிக்காதுன்னா என்னால ஏத்துக்க முடியாது. நானும் அன்னைக்குச் சத்தத்தைத்தான் கேட்டேன். இவங்களைக் கேக்கல" என்றார். வழக்கமான முழக்கம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும் வேளைகளில் ஓடும் பேருந்துகள் எல்லாம் பழைய தடத்திலேயே போகட்டும் என்று அவர் திருத்தம் கொண்டுவர, கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு கைகள் உயர்ந்தன. திருத்தம் நிறைவேறியது. பட்டாசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'அமைதி' என்ற எழுத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டில் அம்மா ஒவ்வொரு படியாக இறங்கினாள். காவலாளி ஒருபக்கம், மகள் ஒருபக்கம். பாதியில் நின்று கேட்டாள்.

"இங்க தட்டலாமா?"

"இங்க தட்டலாம்மா."

அம்மா தட்ட ஆரம்பித்தாள். கூடவே சலவைக்காரர்கள், பெரியவர், கடைசியில் காவலாளிகூட. அந்த நேரம் பார்த்து வெளியே வந்த உறுப்பினர் தனக்குத்தான் என்று நினைத்துக் கூச்சத்தோடு கையசைத்தார். யாரும் அவரைத் திருத்தவில்லை. பட்டாசு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஈரக் கண்ணோடு அம்மாவைப் பார்த்து நின்றாள்.

"என்னடி, எல்லாரும் தட்டுறாங்க, நீ சும்மா நிக்கிற?"

"எனக்குன்னு நினைச்சேன்ம்மா."

"ஆசைதான்" என்றாள் அம்மா. "இது பஸ்ஸுக்குடி. தட்டு."